வலியைப் பொறுக்கலாம், காய்ச்சலைப் பொறுக்கலாகாது

புற்றுநோய் என்னும் சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கவே அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. இன்று பேராவூரணி வட்டாரத்தில், கடைத்தெருவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் திருமண வீட்டிலும், "இன்னார் வீட்டில் கீமோ ஏற்றுகிறார்கள்" என்னும் பேச்சு அரிதன்று. தஞ்சைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று மருந்து ஏற்றிக்கொண்டு, அன்றோ மறுநாளோ ஊர் திரும்புவோர் பலர். அவர்களுள் சிலருக்கு, மருந்துச் சீட்டோடு பனிக்கட்டி வைத்த பையில் சில ஊசிகளும் கொடுத்தனுப்பப்படுகின்றன. "வெள்ளணு கூடுவதற்கு" என்பதற்கு மேல் அந்த ஊசியைப் பற்றி வீட்டாருக்கு எதுவும் தெரிவதில்லை.

இரண்டு நாள் கழித்து இடுப்பும் தொடையும் நெஞ்செலும்பும் வலிக்கத் தொடங்கியதும், நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகிறது. அதே வீட்டில், இரவு பத்து மணிக்கு நோயாளியின் உடம்பு சற்றுச் சுட்டால், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகின்றனர்.

அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதைப் பொறுத்துக்கொள்ளும் இந்த நிலை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. ஆகவே இம்மாதம் இந்த ஊசியைப் பற்றியும், அதைப் போட்டுக்கொள்ளும் நாட்களில் குடும்பத்தார் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றியும் சற்று விரிவாகக் காண்போம்.

படை குறையும் நாட்கள்

எலும்புகளின் உட்புறத்தில் உள்ள மஜ்ஜையே இரத்த அணுக்களின் பிறப்பிடம். அங்கே பிறக்கும் வெள்ளணுக்களுள் நியூட்ரோஃபில் என்பவை, உடலுக்குள் நுழையும் கிருமிகளை முதன்முதலில் எதிர்த்து நிற்கும் காவற்படை. அவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. ஆதலால் மஜ்ஜை இரவும் பகலும் ஓயாது அவற்றைப் படைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் மருந்துகளில் பல, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும் இயல்புடையவை. புற்றணுக்கள் விரைந்து பெருகுகின்றன, எனவே அழிகின்றன. முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் விரைந்து பெருகுபவையே. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் வெள்ளணு குறைவதும் இந்த ஒரே காரணத்தால்தான். பெரும்பாலான மருந்துமுறைகளில், மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் வெள்ளணு மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. நோயாளி ஊருக்குத் திரும்பி, "மருந்து ஏற்றியாயிற்று, இனி ஓய்வுதான்" என்று எண்ணியிருக்கும் நாட்கள் அவை.

இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் முறையை வீட்டில் ஒருவராவது அறிந்திருப்பது நன்று. மொத்த வெள்ளணு சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அதைவிட முதன்மையானது நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை. மொத்த எண்ணை நியூட்ரோஃபில் விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் அது கிடைக்கும். மொத்தம் 1,200 என்றும், நியூட்ரோஃபில் 30 விழுக்காடு என்றும் இருந்தால், காவற்படையின் எண்ணிக்கை 360. அது 1,500க்குக் கீழ் இறங்கினால் குறைவு. 500க்குக் கீழ் இறங்கினால் மிகுந்த எச்சரிக்கை தேவை. மேற்கண்ட கணக்கில் மொத்த வெள்ளணு ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர், உண்மையில் ஆபத்தின் விளிம்பில் நிற்கிறார்.

இந்த ஊசி வந்த வரலாறு

நமக்கு அண்டை ஊரான புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரமே, 1954இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று. மருந்தேற்றும் சிகிச்சை உலகெங்கும் வளரத் தொடங்கிய அந்தக் காலத்தில், மருத்துவர்கள் பெரிதும் அஞ்சியது ஒன்று உண்டு. நோயை ஒடுக்கும் அளவுக்கு மருந்தைக் கொடுத்தால், வெள்ளணு வீழ்ந்து, நோயாளி சாதாரணக் கிருமித் தொற்றுக்குப் பலியாகிவிடுவார். மருந்தைக் குறைத்தாலோ நோய் மேலோங்கும்.

இந்த முட்டுக்கட்டையை நீக்க, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டொனால்ட் மெட்காஃப் என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்தார். மஜ்ஜை அணுக்களை வெள்ளணுக்களாக வளரத் தூண்டும் புரதங்கள் உடலிலேயே சுரக்கின்றன என்பதை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றை 1983இல் எலியிடமிருந்து தூய வடிவில் பிரித்தெடுத்தனர். மனிதருக்குரிய அதே புரதத்தின் மரபணுவை 1986இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறிந்தனர். அந்த மரபணுவை நுண்ணுயிரிக்குள் செலுத்தி, அதனைக் கொண்டே புரதத்தை ஆக்கும் முறை கைகூடியது. 1991இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த ஃபில்கிராஸ்டிம் என்னும் மருந்து இவ்வாறு பிறந்ததே. அதன் பயன் பல நாள் நீடிக்கும்படி மாற்றியமைக்கப்பட்ட பெக்ஃபில்கிராஸ்டிம் 2002இல் வந்தது. நம் நாட்டில் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 2001இல் ஃபில்கிராஸ்டிமைத் தயாரித்து விற்பனைக்குக் கொணர்ந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆக, இந்த ஊசி உடலுக்குப் புறம்பான நஞ்சன்று. உடல் தானே சுரக்கும் ஒரு புரதத்தின் படியே, சற்றுக் கூடுதலாக வெளியிலிருந்து செலுத்தப்படுகிறது. எல்லா நோயாளிகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. வெள்ளணு குறைந்து காய்ச்சல் காணும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது பேருக்காவது உள்ள மருந்துமுறைகளிலும், முதியவர்கள், வேறு நோயுள்ளவர்கள் ஆகியோருக்கும் மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர். பக்கத்து வீட்டாருக்குப் போட்டார்களே, நமக்கு ஏன் போடவில்லை என்று குறைப்பட வேண்டியதில்லை.

ஊசி போடும் ஒழுங்கு

ஃபில்கிராஸ்டிம் என்றால் மருத்துவர் குறித்த நாட்கள் முழுவதும் நாள்தோறும் ஓர் ஊசி. பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால் ஒரு முறை மருந்தேற்றியதற்கு ஓர் ஊசி. எதுவாயினும், மருந்து ஏற்றி முடித்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே போட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஊசியால் தூண்டப்பட்டு மஜ்ஜையில் புதிதாகப் பெருகும் அணுக்கள், உடலில் இன்னும் மிஞ்சியிருக்கும் மருந்துக்கு இரையாகிவிடக்கூடும். "நாளை மீண்டும் வர வேண்டுமா? இன்றே போட்டு அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துவது நோயாளிக்கு நன்மை தராது.

அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள செவிலியரிடமோ போட்டுக்கொள்ளலாம். முறையாகக் கற்றுக்கொண்டால் வீட்டாரே போடலாம். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றிலும், தொடையின் முன்புறத்திலும், மேற்கையின் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் போடும் சிறிய ஊசி இது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் போடாமல் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டே இதற்கு ஏற்றது. உறைபெட்டியில் வைத்துப் பனிக்கட்டியாக்கிவிட்டால் மருந்து பயனற்றுப்போகும். குலுக்கவும் கூடாது. போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால், உள்ளே செல்லும்போது எரிச்சல் குறையும். வெளியூரிலிருந்து கொண்டுவரும்போது, பனிக்கட்டி நேரே ஊசியில் படாதவாறு துணியில் சுற்றி எடுத்து வர வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் வீசிய பின்னர், நம் வட்டாரத்துக் கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிகிச்சை பெறுவோர், தேவையான எல்லா ஊசிகளையும் ஒருசேர வாங்கி வீட்டில் அடுக்காமல், மின்னாக்கி உள்ள மருந்துக் கடையில் வைத்திருந்து நாள்தோறும் பெற்றுக்கொள்வது அறிவுடைமை. மின்தடையால் குளிர் விட்டுப்போன ஊசியைப் பயன்படுத்தலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். மருந்துக் கடைக்காரரையோ மருத்துவரையோ கேட்காமல் போட்டுவிடக் கூடாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், தங்கள் சிகிச்சைத் தொகுப்பில் இந்த ஊசி அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் மருந்தேற்றும் முன்பே கேட்டறிய வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோரும் மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். காசில்லை என்பதற்காகக் குறித்த ஐந்து ஊசியில் மூன்றோடு யாரும் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

எலும்பு வலி எதனால்?

ஊசி போட்ட ஓரிரு நாட்களில் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, தொடை, நெஞ்சின் நடுவெலும்பு ஆகிய இடங்களில் வலி காணலாம். சிலருக்கு மந்தமான நோவு. சிலருக்கு நாடித் துடிப்போடு சேர்ந்து விண்ணென்று தெறிக்கும் வலி. வளர்ந்தோருக்கு மஜ்ஜை மிகுதியாக உள்ள எலும்புகள் இவைதாம் என்பதைக் கவனியுங்கள். அடைபட்ட இடத்துக்குள் அணுக்கள் வேகமாகப் பெருகும்போது உண்டாகும் வலி இது. மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமே தவிர, நோய் பரவியதன் அடையாளம் அன்று. சில நாட்களில் தானே தணிந்துவிடும்.

அதற்காக, வலியை வாய்மூடிச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெக்ஃபில்கிராஸ்டிம் பெற்ற 510 பேரில் ஒரு பாதியினருக்கு நாப்ராக்ஸன் என்னும் வலி மாத்திரையும், மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் தந்து பார்த்தனர். வெற்று மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேருக்கும், நாப்ராக்ஸன் பெற்றோரில் 61 பேருக்கும் எலும்பு வலி கண்டது. வலியின் கடுமையும் குறைந்தது. எனினும் இவ்வகை வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்குதல் ஆகாது. பாராசிட்டமால் போதுமா, வேறு மாத்திரை வேண்டுமா என்பதை ஊருக்குத் திரும்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாராசிட்டமாலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது வலியைத் தணிப்பதோடு காய்ச்சலையும் மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

விலா எலும்புக்குக் கீழே இடப்பக்க மேல்வயிற்றிலோ இடத்தோளிலோ கடும் வலி, மூச்சுத் திணறல், உடல் முழுதும் தடிப்பு, முகவீக்கம் ஆகியவை மிக அரிதாக வரக்கூடியவை. வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சல் கண்டால்

மருந்தேற்றிய நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும் காய்ச்சல், பகலாயினும் நள்ளிரவாயினும், ஓர் அவசர நிலை. ஏன் இத்தனை அவசரம்? சாதாரணமாகப் புண்ணில் சீழ் கட்டுவதும், சிவந்து வீங்குவதும், சளி மஞ்சளாவதும் வெள்ளணுக்கள் கிருமிகளோடு போரிடுவதன் விளைவு. போரிட வீரரே இல்லாதபோது இந்த அடையாளங்கள் தோன்றுவதில்லை. உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்க, வெளியே தெரியும் ஒரே அறிகுறி காய்ச்சலாகவே இருக்கலாம். அதைக் காலை வரை பொறுத்திருந்தால், கிருமி இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே முடிவாகிவிடலாம். உரிய நேரத்தில் நரம்பு வழியாக நோய்க்கிருமிக் கொல்லி மருந்து செலுத்தப்பட்டால், பெரும்பாலோர் பிழைத்தெழுகின்றனர். இந்த ஊசி ஆபத்தைக் குறைக்கிறது, அறவே நீக்கிவிடுவதில்லை. "ஊசிதான் போட்டாயிற்றே" என்று அசட்டையாக இருத்தல் கூடாது. நடுக்கமும் குளிரும் வந்தால் காய்ச்சல் ஏறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பேராவூரணியிலிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். இரவு நேரத்தில் வண்டி தேடி அலைவதற்குள் பொழுது புலர்ந்துவிடும். எனவே முதல் முறை மருந்தேற்றிய அன்றே ஆயத்தமாகிவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் பேராவூரணி அரசு மருத்துவமனைக்கா, பட்டுக்கோட்டைக்கா, நேரே சிகிச்சை பெறும் இடத்துக்கா என்று மருத்துவரிடமே கேட்டு வையுங்கள். நோயின் பெயர், ஏற்றிய மருந்துகள், ஏற்றிய நாள், மருத்துவமனைத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 108 வண்டியோடு, இரவில் அழைத்தால் வரக்கூடிய ஒருவரின் எண்ணும் அதில் இருக்கட்டும். ஊர் ஜமாஅத்தாரும் இளைஞர்களும் முறைவைத்து இந்தப் பொறுப்பை ஏற்றால், அதனினும் சிறந்த உதவி வேறில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதற்சொல்லாக, "கீமோ ஏற்றிப் பத்து நாள் ஆகிறது, காய்ச்சல் வந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் நோயாளியை நீண்ட வரிசையிலிருந்து காப்பாற்றும்.

நம் வீட்டுப் பெண்மணிகளைப் பற்றி இங்கே தனியே கூறியாக வேண்டும். உடம்பு சுடுவதை மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் உம்மாமார் நம்மிடையே ஏராளம். பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பானேன், வளைகுடாவில் இருக்கும் மகனைக் கலங்கச் செய்வானேன் என்று எண்ணி, அதைச் சபர் என்று கருதிக்கொள்கின்றனர். நோயின் துன்பத்தை மனங்கலங்காது ஏற்பது சபர். காய்ச்சலை மறைப்பது அதில் சேராது. ஆகவே அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திராமல், காலையும் மாலையும் வீட்டில் ஒருவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்து வர வேண்டும்.

நலம் விசாரிக்கச் செல்வோருக்கு

நோயாளியை நலம் விசாரித்தல் நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமைகளுள் ஒன்று. அந்த நல்லெண்ணமே நோயாளிக்குத் தீங்காகிவிடாமல் காப்பது நம் பொறுப்பு. மருந்தேற்றிய இரண்டாம் வாரத்தில் உறவினர்கள் பிள்ளைகுட்டிகளோடு கூட்டமாகச் சென்று, கட்டியணைத்து, கட்டிலில் அமர்ந்து, இருமிக்கொண்டே ஆறுதல் சொல்வது வேண்டாம். சளி, காய்ச்சல், அம்மை, வயிற்றுப்போக்கு உள்ளவர்களும், அவர்களோடு புழங்கியவர்களும் அந்த வீட்டுப் பக்கம் போகாதிருப்பதே பேருதவி. தொலைபேசியில் ஸலாம் சொல்லலாம். துஆவுக்குத் தூரம் ஒரு தடையன்று. நேரில் செல்வோர் கையை சோப்பிட்டுக் கழுவி, ஓரிருவராகச் சென்று, சற்றுத் தள்ளி அமர்ந்து, விரைவில் விடைபெற வேண்டும். ஓதி ஊதித் தரும் நீரை இந்த நாட்களில் தவிர்த்து, ஓதித் துஆச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். விருந்துகளில் ஒரே சஹனில் பலர் கையிட்டு உண்பதும், திருமணக் கூட்டமும் நோயாளிக்கு இப்போது ஆகா.

வீட்டிலும் சில ஒழுங்குகள் வேண்டும். கோழிக்கூட்டைத் துப்புரவு செய்வதை வேறொருவர் ஏற்க வேண்டும். தென்னந்தோப்பிலும் வயலிலும் நோயாளி வெறுங்காலுடன் நடக்கலாகாது. ஒரு முள் கீறலும் இப்போது பெரிதாகலாம். ஆண்கள் சவரக் கத்தியைத் தவிர்க்க வேண்டும். வாயை உப்பு நீரால் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும்.

உணவும் நோன்பும்

ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கொடுத்தால் வெள்ளணு ஏறிவிடும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. நன்கு வேகவைத்த ஈரலும் மீனும் முட்டையும் பருப்பும் உடலுக்கு வலுத் தருபவை. உண்ணட்டும். ஆனால் வீழ்ந்த வெள்ளணுவைச் சில நாட்களில் ஏற்றிவிடும் ஆற்றல் எந்த உணவுக்கும் இல்லை. கருஞ்சீரகமோ மூலிகைச் சாறோ கொடுக்க விரும்பினால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் மருந்தின் செயலை மாற்றக்கூடியவை. பச்சைக் காய்களையும் பழங்களையும் முற்றாக விலக்கினால் தொற்றுக் குறையும் என்பதற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. நன்கு கழுவித் தோல் நீக்கிய பழம், கொதித்து ஆறிய நீர், அன்றன்று சமைத்த உணவு ஆகியவை போதும். அரைவேக்காட்டு முட்டையும் திறந்து கிடக்கும் தெருவோரப் பண்டங்களும் வேண்டாம்.

ரமலானில் சிகிச்சை பெறுவோர், "ஊசி போட்டால் நோன்பு முறியுமா?" என்று வினவுகின்றனர். ஊட்டமளிக்காத ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. ஆயினும் இங்கே பெரிய கேள்வி ஊசியைப் பற்றியதன்று. மருந்தேற்றிய உடலுக்கு நீரும் உணவும் வேளை தவறாமல் தேவை. நோயாளிகள் நோன்பை விட்டுவிட்டு, நலமடைந்த பின் வேறு நாட்களில் நோற்பதற்குத் திருக்குர்ஆனே சலுகை வழங்கியிருக்கிறது. நலமடைய வாய்ப்பில்லாதவர்க்குப் பரிகாரமும் உண்டு. இடுப்பு வலியால் நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். இறைவன் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை.

இந்த ஊசியைப் போட்டபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு இருபதாயிரம், முப்பதாயிரம் என்று ஏறியிருப்பதைக் கண்டு, இரத்தப் புற்றுநோய் வந்துவிட்டதோ என்றும் அஞ்ச வேண்டாம். ஊசியை நிறுத்தியதும் அது இறங்கிவிடும். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதுவரை தெர்மாமீட்டர் இல்லாத வீடுகளில், அடுத்த முறை மருந்தேற்றச் செல்லும் முன் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். எலும்பு வலி சில நாட்களில் இன்ஷா அல்லாஹ் தானே அகலும். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு மணி நேரமும் தவணை கொடுக்காதீர்கள்.